பனிநாட்டிற் பழகுக, பைந்தமிழை விடற்க!



குடியேறிய நாட்டின் வழக்கங்களை மேற்கொள்ளுதல் குற்றமன்று. 1983-ஆம் ஆண்டுக் கொடுமைக்குப்பின் ஈழத்தினின்று கனடாவிற்குச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் அதனைச் செம்மையாகவே செய்தன. தடித்த காலணியும் கம்பளியாடையும் அணியக் கற்றனர். விடியுமுன் எழுந்து வாயிற்பனியை வாரியெறிந்துவிட்டு வேலைக்குச் சென்றனர். படிவங்கள் குடும்பப்பெயர் கேட்டபோது, தந்தை பெயரையே பிள்ளைகட்குக் குடும்பப்பெயராக்கினர். அக்டோபர் இறுதியில் அண்டைவீட்டுச் சிறுவரொடு தம் சிறாரையும் மாற்றுக்கோலம் புனைவித்து, வீடுதோறும் இனிப்புக் கேட்க விடுத்தனர். இவற்றுள் எதனையும் யாம் பழியோம். குளிருக்கேற்ப உடுப்பதனால் எவனும் தமிழனல்லாதான் ஆகான்.

யாம் பழிப்பது ஒன்றே: வீட்டினுள்ளும் தமிழை விலக்குவதை! தாய் தமிழில் வினவ, மகன் ஆங்கிலத்தில் விடை பகர்கின்றான். சின்னாளில் தாயும் ஆங்கிலத்திலேயே வினவத் தொடங்குகின்றாள். பேரனொடு பேசவியலாத பாட்டியோ தன் மகன் வீட்டிலேயே அயலாளாக அமர்ந்திருக்கின்றாள். அவள் நெஞ்சிலுள்ள ஊர்க்கதையும் உறவுமுறையும் தாலாட்டும் அவளோடே மறையும். இவ்விழப்பை எவ்வரசு ஏவிற்று?

கனடா ஏவவில்லை. அந்நாடு 1971-இலேயே பல்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தது. 1988-இல் அதனைச் சட்டமாக்கிற்று. தொரொன்றோ நகரப் பொதுப்பள்ளிகள் தமிழ் வகுப்புகளுக்கு இடந்தந்துள்ளன. 2016-இல் நாடாளுமன்றமே சனவரியைத் தமிழ் மரபுத் திங்களென ஏற்றது. மேலும் கியூபெக் மாநிலத்தைக் காண்க. ஆங்கிலக் கடல் சூழ வாழும் பிரெஞ்சு மொழியார் 1977-இல் மொழிச்சட்டம் இயற்றி, குடியேறியோர் பிள்ளைகளும் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளியிலேயே பயிலச் செய்தனர். புதுநாட்டு மரபுகளையெல்லாம் பின்பற்றுகின்றோம் என்பீர்! தாய்மொழி காக்கும் இம்மரபை மட்டும் பின்பற்ற மறந்ததேன்?

“பொங்கலிடுகின்றோம், தேரிழுக்கின்றோம், மகளுக்கு ஆடலரங்கேற்றம் செய்கின்றோம், இவை போதாவோ?” என்பர். போதா! இரியூனியன் தீவே சான்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழியினர் இன்றும் தீ மிதிக்கின்றனர். பிரெஞ்சு ஒலியில் திரிந்த தமிழ்ப் பெயர்களைக் குடும்பப்பெயராகத் தாங்குகின்றனர். ஆயின் வீட்டில் வழங்குவது தமிழன்று. வழிபாட்டுப் பாடலையும் உரோம எழுத்திற் பார்த்துப் பாடுவோர் பலர். அவர்களை நோவதற்கில்லை, தோட்ட முதலாளிகளின் பிடியில், தமிழ்ப்பள்ளியின் துணையின்றி இழந்தனர். நீவிரோ எல்லா உரிமையும் உடையீராய் இழக்கின்றீர். நும் மகளின் அரங்கேற்றப் பாடலும் ஆங்கில எழுத்தில்தானே எழுதித் தரப்படுகின்றது?

“மொழி பலவாயின் பிள்ளை குழம்பும்” என்பதும் வெற்றச்சமே. பள்ளியில் ஆங்கிலத்தொடு பிரெஞ்சும் பயிலும் பிள்ளை தமிழால் மட்டும் குழம்புமோ?

இதனைப் படித்துக் கனடாத் தமிழரை எள்ளி நகையாடும் இந்நாட்டுத் தமிழரே! சென்னையிலும் மதுரையிலும் பனியில்லை, அயல்நாட்டுப் படிவமில்லை. ‘மம்மி, டாடி’ மட்டும் எங்ஙனம் நும் வீடு புகுந்தன?

எந்நாட்டில் வாழினும் உணவு வேளையில் தமிழே பேசுக. பிள்ளை ஆங்கிலத்தில் கேட்பினும் தமிழிலேயே விடை தருக. கிழமைக்கொருநாள் தமிழ் வகுப்பிற்கு விடுக்க. பாட்டியின் அருகே பேரனை அமர்த்திக் கதை கேட்கச் செய்க. இவற்றிற்குப் பொருட்செலவு பெரிதில்லை. மனவுறுதி ஒன்றே வேண்டும். அவ்வுறுதி இத்தலைமுறையில் தளரின், அடுத்த தலைமுறை கற்க விழைந்தாலும் வீட்டில் கற்பிப்பார் இரார்.