ஊமைக் காவலர்

நெடுஞ்சாலையிற் செல்லும் எண்ணெய் வண்டிகளின் பின்புறத்தில் சாய்சதுர வடிவில் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். செந்நிறமும் அதனிடையே தீச்சுடரும் அமைந்திருப்பின், உள்ளிருப்பது எளிதில் தீப்பற்றும் நீர்மம் என்பது பொருள். எழுத்தறியாதவரும் அறியத்தக்க மொழி இது! உடன் காணப்படும் 1203 என்னும் எண் பெட்ரோலைக் குறிக்கும். ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழு 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளின் வழியே வளர்ந்த முறை இது.

நீல அட்டையில் சுடர் இருப்பின் நிலைமை வேறு. சோடியம், கால்சியம் கார்பைடு போன்றவை நீர் பட்டால் எரியும் வாயுவை வெளியிடும். அங்கே குடம் குடமாக நீர் கொண்டு ஓடும் நல்லெண்ணமே கேடாய் முடியும்.

காலி வண்டிதானே என்று அட்டையைக் கழற்றுவாரும் உளர். கலத்தில் எஞ்சிய ஆவி காற்றுடன் கலந்தால் வெடிக்கவல்லது என்பதை அவர் எண்ணுவதில்லை.

2017-ஆம் ஆண்டு சூன் திங்களில், பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கு நகரின் அருகே பெட்ரோல் வண்டி ஒன்று கவிழ்ந்தது. ஒழுகிய எண்ணெயைக் கலங்களில் முகக்க மக்கள் திரண்டனர். தீ மூண்டது, 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள பொறியையும் எட்டும். ஆகவே, அட்டையை ஒட்டியதோடு கடமை தீர்ந்தது எனக் கொள்ளலாகாது. ஓட்டுநர்க்கு அளிக்கும் பயிற்சி போதாது. சாலையோரத்துப் பள்ளிகளிலும் இக்குறிகளைக் கற்பித்தல் வேண்டும். பெருக்கல் வாய்பாட்டினும் இது கடினமன்று. இருப்பவை ஒன்பதே வகுப்புகள்!