ஓட்ஸும் மணிலாக்கொட்டையும்

கடையில் ‘எனர்ஜி பார்’ வாங்கும் அன்பர்கள் முதலில் உறையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முன்பக்கம் பாதாமும் ஓட்ஸும் படமாகச் சிரிக்கும். பின்பக்கத்திலோ சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்று ஒரே இனிப்பு மூன்று வேஷத்தில் நிற்பதைப் பல உறைகளில் காணலாம். மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும் அல்லவா! 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே, ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் பானங்களை விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதுதான் காரணம்.

இந்தப் பண்டத்தை வீட்டிலேயே, அவன் இல்லாமல், பாகு காய்ச்சாமல் செய்துவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் ஓட்ஸ் என்றாலே நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். “குதிரைத் தீனி, நமக்கெதற்கு?” என்கிறார்கள். அவர்கள் விரும்பிக் கொறிக்கும் வேர்க்கடலை எந்த ஊர்க்காரர்? தென் அமெரிக்காவில் பிறந்து, போர்ச்சுகீசியர் வருகைக்குப் பிறகு இங்கே வேரூன்றியது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு பக்கம் இன்றும் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்கிறார்கள். பெயரிலேயே வெளியூர் முத்திரை இருக்கிறது. இங்கே நாகபுரியில் விரதத்துக்குச் சாப்பிடும் ராஜ்கீரா லட்டின் விதையும் அமெரிக்கக் கண்டத்து வரவுதான். வந்ததை நம்முடையதாக்கிக் கொள்வதில் நாம் சளைத்தவர்கள் அல்ல. புலம் பெயர்ந்து வந்து குடியேறிய நாமே ஓட்ஸைக் குறை சொல்லலாமா?

செய்முறைக்கு வருகிறேன். 125 கிராம் வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, ஆறியபின் மிக்ஸியில் போடுங்கள். முதலில் பொடியாகும், பிறகு கட்டியாகும். இங்கேதான் பலர் பொறுமையிழந்து தண்ணீர் விடுவார்கள். கூடவே கூடாது! ஒரு நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால், கடலையின் எடையில் ஏறக்குறைய பாதியாக இருக்கும் எண்ணெய் தானே வெளிவந்து விழுதாகிவிடும். 100 கிராம் ஓட்ஸை ஐந்து நிமிடம் வெறும் வாணலியில் புரட்டி ஆறவிட்டு, 75 கிராம் துருவிய வெல்லமும் ஏலப்பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து விழுதோடு பிசையுங்கள். கான்கிரீட் போலத்தான்: ஓட்ஸ் ஜல்லி, கடலை விழுது சிமெண்டு. ஒரே வித்தியாசம், இங்கே தண்ணீர் பட்டால் காரியம் கெட்டது. சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பதினைந்து உருண்டை வரும். நாகபுரி மே மாத வெயிலில் எண்ணெய் கசியுமாதலால் குளிர்பெட்டியில் வையுங்கள். பத்து நாள் தாங்கும்.

பொரிவிளங்காய் உருண்டைக்குக் கொதிக்கும் பாகில் கை வேக வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளையே பிடித்துவிடும். வறுக்கவும் அரைக்கவும் மட்டும் பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும். என் பேத்தி பிடிக்கும் உருண்டைகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அதனாலென்ன, வாய்க்குள் போகிற பண்டத்துக்கு வெர்னியர் வைத்து அளக்கவா போகிறோம்?

இளையவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. வெல்லம், தேன், பேரீச்சை என்றால் கணக்கே இல்லை என்று நினைக்கிறார்கள். ஒரு உருண்டையில் சுமார் 90 கலோரி, 3 கிராம் புரதம், 5 கிராம் வெல்லம். நாலு உள்ளே போனால் சிற்றுண்டி அல்ல, பாதிச் சாப்பாடு. ஓட்ஸின் கரையும் நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு நாளொன்றுக்கு 3 கிராம் வேண்டும். உருண்டையிலோ கால் கிராம்தான். சர்க்கரை வியாதிக்காரர்கள் (நம் சங்கத்தில் அதற்குக் குறைவில்லை) வெல்லத்தைச் சர்க்கரையாகவே பாவிக்க வேண்டும்.

கடலை வாங்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எதையும் சேர்க்காதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டு. அது ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. மலிவாகக் கிடைக்கிறதென்று மூட்டை அடியில் கிடப்பதை அள்ளி வர வேண்டாம்.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிஸ்கட் பொட்டலத்தை நிறுத்திவிட்டு, வாரம் ஒரு குடும்பம் என்று முறை வைத்து இந்த உருண்டையைக் கொண்டுவரலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளின் பெயரைப் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வேறு பண்டம், அதுவும் கடலை படாத வேறு ஜாரில் அரைத்தது. முதல் வாரம் எங்கள் வீடு.