அறக்கொட்டியும் நமது கடன் கொப்பியும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்தாலும் சீமெந்து ஏறினாலும், நம் போன்ற சிறு வியாபாரிகளின் கல்லாவை நிரப்புவது நெல் அறுவடைதான். அறுவடையைக் கெடுக்கும் அறக்கொட்டியானை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. விவசாயத் திணைக்களத்தார் கபில நிறத் தத்தி என்பார்கள். அரிசி மணியை விடச் சிறிய பூச்சி. அடித்தண்டில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். வயலில் வட்டம் வட்டமாகத் தீப்பட்டதுபோல் கருகிய பிறகுதான் பலருக்குத் தெரியவரும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று நாம் கடனுக்குக் கொடுத்த பசளையும் அதோடு கருகிவிடும்.

இதில் நமது பங்கும் இருக்கிறது.

ஒரு சிறுபோகத்தில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்தார். "முதலாளி, வேளாண்மை மஞ்சளாகுது, கடுமையான எண்ணெய் ஏதாச்சும் தாங்க" என்றார். கம்பெனிப் பிரதிநிதி இறக்கிவிட்டுப் போன சரக்கு தேங்கிக் கிடந்தது. அதையே கொடுத்தேன். இரண்டாம் தரமும் கொடுத்தேன். அறுவடைக்கு அவரிடம் மூடை இல்லை. அவரது கணக்கு மட்டும் என் கொப்பியில் மிஞ்சியது.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர்தான் பிறகு விளக்கினார். பைரித்ராயிட் வகை மருந்துகள் வயலிலுள்ள சிலந்திகளையும், அறக்கொட்டியின் முட்டையை உறிஞ்சும் பச்சை நிறச் சிறு பூச்சியையும் கொன்றுவிடுகின்றன. முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. யூரியாவை அள்ளி வீசினாலும், நெருக்கி விதைத்தாலும் அதற்குக் கொண்டாட்டம்தான். இந்தப் பூச்சியால் அடிபட்ட இந்தோனேசியா 1986ஆம் ஆண்டிலேயே நெல்லுக்கு 57 கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. அங்கே அரசாங்கமே விழித்துக்கொண்டது. நாம் இன்னும் போத்தல் கணக்குப் பார்க்கிறோம்.

இப்போது யார் வந்து கேட்டாலும், "அடித்தண்டை விலக்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறேன். பூச்சி இருந்தால் முதலில் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் வயலைக் காயவிடச் சொல்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால்தான் திணைக்களம் சொல்லும் மருந்து, அதுவும் அடித்தண்டில் படும்படி. சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் கேட்டது கிடைக்கிறது. நான் ஒருவன் மறுத்து என்ன பயன்?

கிண்ணியாவிலும் மூதூரிலும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் வரும் போகத்துக்கு முன் ஒரு நாள் கூடுவோம். போதனாசிரியரை அழைத்து வருவது என் பொறுப்பு.