முதலில் பிளேடைப் பாருங்கள், பிறகு கண்ணாடியை

பழைய எஸ்எல்ஆர் கேமராவுக்கு லென்ஸ் தேடுகிறவர்கள் நம்மிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “ஷார்ப்பா இருக்குமா?” அடுத்தது, “1.4 வாங்கட்டுமா, 1.8 போதுமா?” கேட்கக் கூடாத கேள்விகள் இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுகள் பல கை மாறி வந்த பொருளைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவை வேறு. 1970களில் நிக்கான், பென்டாக்ஸ், கேனன், மினோல்டா, ஒலிம்பஸ் எதுவுமே 50 மி.மீ. லென்ஸை மோசமாகச் செய்யவில்லை. எஃப்/8-இல் எடுத்த படங்களை வரிசையாக வைத்து, எது எந்த லென்ஸ் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் நம்மில் பலர் திணறிப்போவோம். அன்று கடையில் அருகருகே இருந்த இரண்டு ஒரே மாதிரி லென்ஸ்களுக்குள் இன்று இருக்கும் வித்தியாசம், இரண்டு கம்பெனி லென்ஸ்களுக்கு இடையே அன்று இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிது. ஒன்று அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கும். இன்னொன்று தோல் உறைக்குள் கடற்கரை ஊர் ஒன்றில் முப்பது மழைக்காலத்தைப் பார்த்திருக்கும்.

எனவே பெயரை ஒதுக்கிவிட்டு அபர்ச்சரிலிருந்து தொடங்குவோம். எஸ்எல்ஆரில் நாம் பார்ப்பதும் ஃபோகஸ் செய்வதும் லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கும்போது. பட்டனை அழுத்திய பிறகு, பாடிக்குள் இருக்கும் கண்ணாடி மேலே எழும் அந்தக் கணத்தில்தான் பிளேடுகள் நாம் வைத்த எண்ணுக்கு மூடுகின்றன. ஷட்டர் திறப்பதற்குள் அவை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஃபோகஸ் வளையத்தின் மரையில் போட்ட கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, வருடக்கணக்கில் மெல்ல ஊர்ந்து பிளேடுகளில் படிந்துவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மந்தமாகிவிடும். வெயிலில் நிறுத்திய காரிலோ தகரக் கூரைக்கு அடியிலோ இருந்த லென்ஸ் என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நீங்கள் எஃப்/16 வைத்திருப்பீர்கள். ஷட்டர் திறக்கும்போது பிளேடு எஃப்/5.6-ஐத்தான் எட்டியிருக்கும். மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு வெளிச்சம் கூடுதல்.

இதில் வில்லங்கம் என்னவென்றால், வியூஃபைண்டரில் இது தெரியவே தெரியாது. மீட்டரும் சரியாகவே காட்டும். கலர் நெகட்டிவ் போட்டிருந்தால் லேபில் ஸ்கேன் செய்யும் இயந்திரம் தானாகவே சரிக்கட்டிப் படத்தைக் கொடுத்துவிடும். கொஞ்சம் வெளுத்தாற்போல் இருக்கிறதே என்று ஃபிலிமைக் குறை சொல்வோம். ஸ்லைடு போட்டவருக்கு மட்டும்தான் உண்மை தெரியவரும், அதுவும் ஒரு ரோல் போன பிறகு. நெகட்டிவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால், நல்ல வெயிலில் எடுத்த ஃப்ரேம்கள் மட்டும் கன்னங்கரேலென்று அடர்ந்திருப்பது கண்ணில் படும். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

சோதிப்பது எளிது. லென்ஸைக் கையில் எடுத்து, அபர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, பின்பக்கத்துச் சிறு லீவரை விரலால் தள்ளி விடுங்கள். பிளேடு ‘டக்’கென்று துள்ள வேண்டும். ஒருமுறை துள்ளினால் போதாது. தொடர்ந்து பல முறை தட்டிப் பார்க்க வேண்டும், எண்ணெய் ஏறிய பிளேடு போகப் போகத் தளர்ந்துவிடும். கேனன் எஃப்டி லென்ஸில், குறிப்பாக 1979-க்குப் பின் வந்த புதிய வகையில், கழற்றிய நிலையில் லீவர் இப்படி எளிதாக மசியாது. அதற்கு இன்னொரு வழி: ஃபிலிம் இல்லாத பாடியில் மாட்டி, பின்கதவைத் திறந்து, ஷட்டரை ஒரு செகண்டில் வைத்து, வெள்ளைச் சுவரைப் பார்க்கப் பிடித்துப் பட்டனை அழுத்துங்கள். ஷட்டர் திறந்த உடனே சிறிய துளை தெரிந்தால் லென்ஸ் நலம். அந்த ஒரு செகண்டுக்குள் துளை உங்கள் கண் முன்னே சுருங்கிக்கொண்டு வந்தால், எவ்வளவு பளபளப்பான கண்ணாடியாக இருந்தாலும் அது மெக்கானிக்கிடம் போக வேண்டிய லென்ஸ். மெக்கானிக் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள்.

ஒரு விதிவிலக்கு சொல்லியாக வேண்டும். ஸெனிட் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2) தானாக மூடும் லென்ஸ் இல்லை. ஒரு வளையத்தில் எண்ணைக் குறித்துவிட்டு, திறந்த நிலையில் ஃபோகஸ் செய்து, மற்றொரு வளையத்தைக் கையால் திருகி மூடிவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். அதில் பிளேடு எண்ணெயாக இருந்தாலும் எக்ஸ்போஷர் கெடாது. பின்னணியைச் சுழற்றிக் காட்டும் லென்ஸ் என்று அதற்கு இப்போது ஏகப்பட்ட மவுசு. நிதானமாக உட்கார்ந்து எடுக்கக்கூடியவருக்கு அது நல்ல துணை. திருமண மண்டபத்தில் ஓடி ஓடி எடுப்பவருக்கு அது சரிவராது.

அடுத்தது மவுன்ட். “நிக்கான் லென்ஸ்தானே, எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லி விற்பவர்களிடம் கவனம் தேவை. 1959-இல் நிக்கான் எஃப் கேமராவோடு வந்த மவுன்ட் வடிவம் மாறவில்லை என்பது உண்மை. ஆனால் மீட்டருக்கு அபர்ச்சரைத் தெரிவிக்கும் முறை 1977-இல் மாறியது. அதற்கு முந்தைய லென்ஸ்களின் மேலே முயல்காது போல ஒரு கவை நிற்கும். பாடியிலுள்ள ஊசி அதைப் பிடித்துக்கொண்டுதான் மீட்டர் வேலை செய்தது. நிக்கோர்மேட் எஃப்டிஎன் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: லென்ஸை மாட்டியதும் வளையத்தை ஒருமுறை எஃப்/16 பக்கமும் ஒருமுறை முழுத் திறப்புப் பக்கமும் கடைசிவரை திருப்பினால்தான் மீட்டருக்கு லென்ஸ் புரியும். 1977-இல் வந்த ஏஐ முறையில் வளையத்தின் பின்விளிம்பே வெட்டப்பட்டு, பாடியில் உள்ள சிறு நாக்கைத் தள்ளுகிறது. வெட்டில்லாத பழைய லென்ஸை எஃப்எம்2 கேமராவில் வற்புறுத்தித் திருகினால் அந்த நாக்கு உடையக்கூடும். எஃப்எம், எஃப்ஈ, எஃப்3 ஆகியவற்றில் நாக்கை மேலே மடக்கிக்கொள்ள வழி உண்டு. எஃப்எம்2, எஃப்ஈ2, எஃப்எம்10-இல் இல்லை. கடையில் அடையாளம் காண்பதற்கு: ஏஐ லென்ஸில் அபர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும், காதிருந்தால் அதில் ஓட்டை இருக்கும். ஒற்றை வரிசையும் ஓட்டையில்லாத காதும் இருந்தால் பழையது. பழைய லென்ஸின் வளையத்தைப் பின்னாளில் வெட்டிச் சரிசெய்ததும் உண்டு. அதற்குப் பின்விளிம்பைத் தடவிப் பார்ப்பதே வழி. காது அசிங்கமாக இருக்கிறதென்று கழற்றி எறிகிறவர்கள், அந்த லென்ஸை நிக்கோர்மேட் வைத்திருப்பவருக்கு உதவாமல் செய்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் தகராறு உண்டு. டிஜிட்டலுக்கு வாங்கிய ஜி வகை நிக்கோர் லென்ஸில் அபர்ச்சர் வளையமே கிடையாது. அதைக் கொண்டுபோய் எஃப்எம்2-வில் மாட்டினால் வியூஃபைண்டர் வெளிச்சமாக அழகாகத் தெரியும். படம் மட்டும் ஒவ்வொன்றும் கடைசி எண்ணில், எஃப்/16 அல்லது எஃப்/22-இல், விழும். எழும்பூரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பென்டாக்ஸ்காரர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். 1975-இல் கே மவுன்ட் வந்தபோது, பழைய எம்42 மரை லென்ஸ்களைக் கைவிடாமல், மவுன்டிலிருந்து ஃபிலிம் வரையிலான தூரத்தை அப்படியே 45.46 மி.மீ. என்று வைத்துக்கொண்டார்கள். கே1000-இல் ஒரு வளையத்தைப் போட்டால் டக்குமார் லென்ஸ் இன்ஃபினிட்டி வரை ஃபோகஸ் ஆகும், அபர்ச்சரை மட்டும் கையால் மூட வேண்டும். ஆனால் அந்த வளையம் மவுன்டுக்குள்ளே முழுதாக அமர வேண்டும். வெளியே விளிம்பு வைத்த மலிவான வளையங்கள் லென்ஸை ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ளிவிடும். தூரத்துக் கோபுரம் ஒருநாளும் தெளியாது. அதே எம்42 லென்ஸை நிக்கானில் போட நினைக்காதீர்கள்: அங்கே தூரம் 46.5 மி.மீ., இடையில் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் இன்ஃபினிட்டி வராது, அந்தக் கண்ணாடியோ லென்ஸின் தரத்தைக் குறைக்கும். கேனன் எஃப்டிக்கு 42 மி.மீ., இஓஎஸ்ஸுக்கு 44. ஆகவே தாத்தாவின் எஃப்டி லென்ஸ் பேரனின் இஓஎஸ் ஃபிலிம் பாடிக்கு ஆகாது. இன்னொன்று: டி-மவுன்ட் என்று வரும் பழைய டெலி லென்ஸ்களின் மரையும் 42 மி.மீ. அகலம்தான், ஆனால் மரை இடைவெளி 0.75 மி.மீ. எம்42-க்கு 1 மி.மீ. அரைச் சுற்று இனிதாக ஏறும், பிறகு இறுகும். இறுகும்போது நிறுத்துங்கள், பலம் காட்டினால் பாடியின் மரை போய்விடும்.

இனி எதை வாங்குவது. ஒரே லென்ஸ் என்றால் 50 மி.மீ., எஃப்/1.8 அல்லது எஃப்/2. எஃப்/1.4-க்கும் 1.8-க்கும் மூன்றில் இரண்டு ஸ்டாப்தான் வித்தியாசம். விலை அப்படி இல்லை. மிச்சப் பணத்தில் லென்ஸைக் கழுவிச் சர்வீஸ் செய்துகொள்ளலாம். கிட் ஜூமைவிட இதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் ஷார்ப்னஸ் இல்லை, கண். பழைய எஸ்எல்ஆரின் நடுவட்டத்தில் படம் இரண்டாகப் பிளந்து தெரியும் ஃபோகஸ் முறை, எஃப்/4-ஐத் தாண்டினால் இருளத் தொடங்கி, எஃப்/5.6 லென்ஸில் ஒரு பாதி கறுத்தே போய்விடும். 70-210 எஃப்/4-5.6 ஜூமை மாட்டிக்கொண்டு மாலை நேரத்தில் ஃபோகஸ் பிடிக்கவில்லை என்று கேமராவைத் திட்டிப் பயனில்லை. 1963-இல் வந்த நிக்கோர் 43-86 போன்ற முதல்கால ஜூம்களில் நேர்க்கோடுகள் வளைந்து தெரியும். வரலாற்று ஆர்வம் இருப்பவர் வாங்கலாம்.

இரண்டாவது லென்ஸ் 28 அல்லது 35. நிக்கான் வைத்திருப்பவருக்கு 28 மி.மீ. எஃப்/2.8 ஏஐ-எஸ் கிடைத்தால் விடாதீர்கள், 20 செ.மீ. வரை நெருங்கலாம், நெருங்கினாலும் தரம் குலையாது. அதற்கு முந்தைய ஏஐ வகை 30 செ.மீ. வரைதான் போகும், கண்ணாடி அமைப்பும் வேறு. விற்பவர் இரண்டுக்கும் ஒரே விலை சொல்வார். மூன்றாவது, முகங்களுக்கு ஒன்று: நிக்கானில் 105 மி.மீ. எஃப்/2.5, மற்றவற்றில் 135. 1984-இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கான் சிறுமி படத்தால் அந்த 105-க்கு ஒரு மவுசு ஒட்டிக்கொண்டது. நல்ல லென்ஸ்தான், சந்தேகமில்லை. ஆனால் யாரும் சீண்டாத 135 எஃப்/2.8-களையும் எஃப்/3.5-களையும் சொற்ப விலைக்கு எடுத்து, 1/250-க்குக் கீழே போகாமல் எடுத்தால் வரும் முகங்களைப் பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

கடைசியில் கண்ணாடி. டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்த்து அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், கவலை வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் படத்தில் பெரும்பாலும் தெரியாது. சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் பூஞ்சை. சாம்பல் மூட்டம் தெரிந்தால் எண்ணெய் ஆவி. மூட்டம் பெரும்பாலும் துடைத்தால் போகும். பூஞ்சையின் இழையைத் துடைக்கலாம், அது சுரந்த அமிலம் கோட்டிங்கில் அரித்த தடம் போகாது. பக்கத்து லென்ஸுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தனியறையில் வைக்க வேண்டியதில்லை. அதன் விதை காற்றில் எங்கும் இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களின் ஈரம்தான் அதற்குத் தீனி. தோல் உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறியதும் வறுத்து மீண்டும் போடுங்கள். சூப்பர் டக்குமார் 50 எஃப்/1.4-இல் கண்ணாடி தேன் நிறமாக இருந்தால் அது அழுக்கு இல்லை: அதில் கலந்த தோரியத்தால் வந்த மஞ்சள். புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் பெரிதும் தெளியும். கறுப்பு-வெள்ளை மட்டும் எடுப்பவர் அப்படியே விடலாம், மெல்லிய மஞ்சள் ஃபில்டர் இலவசம்.

நம் இதழின் விற்பனைப் பக்கத்துக்குப் பழைய லென்ஸ் விளம்பரம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “சூப்பர் கண்டிஷன்” என்று எழுதி அனுப்பாதீர்கள். மவுன்ட் என்ன, நிக்கான் என்றால் ஏஐயா பழையதா, பிளேடு துள்ளுகிறதா, டார்ச் வெளிச்சத்தில் பூஞ்சை தெரிகிறதா: இந்த நான்கையும் எழுதுங்கள். அடுத்த இதழிலிருந்து இவை இல்லாத விளம்பரங்களை வெளியிட மாட்டோம்.