கொள்கையின் விலையைக் கொடுப்பவர் யார்?

உயர்தர அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் தாராண்மைவாதம், மார்க்சியம், தேசியவாதம் என்று வரிசையாகப் படிக்கிறோம். வரைவிலக்கணத்தைச் சரியாக எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் ஒரு கொள்கையை அறிய அது போதாது. அதைப் பேசியவர் யார், அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும். இதை விளங்கிக்கொள்ள மயிலிட்டியும் அதன் அயலும் போதும்.

மயிலிட்டிக்கு அருகில் இருப்பது மாவிட்டபுரம். 1968இல் அங்குள்ள கந்தசுவாமி கோயிலுக்குள் செல்ல ஒடுக்கப்பட்ட சாதியினர் முயன்றபோது, வாசலில் மறித்து நின்றவர்களில் முதன்மையானவர் சி. சுந்தரலிங்கம். அவர் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு கேட்ட முன்னோடி. இனத்துக்கு விடுதலை கேட்டவரே தன் இனத்தில் ஒரு பகுதியினருக்கு வாசலை அடைத்தார்.

1990 ஜூனில் போர் மயிலிட்டி மக்களை ஊரைவிட்டு எழுப்பியது. ஒரு தரப்பு தேசிய பாதுகாப்பு என்றது. மறுதரப்பு தாயக மண் என்றது. வடக்கின் முக்கிய மீன்பிடித் துறைமுகம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. வசதி உள்ளவர்களுக்குக் கொழும்பும் வெளிநாடும் இருந்தன. கடலை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு நலன்புரி முகாம்தான் இருந்தது. துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில், 27 வருடங்களுக்குப் பிறகு.

அதே 1990இன் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்கள் சொன்ன "எமது மக்கள்" என்ற சொல்லுக்குள் நாம் இருக்கவில்லை.

இதனால் கொள்கைகளே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மாவிட்டபுரத்தில் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்குத் துணையாக வந்ததும் இடதுசாரிகளின் சமத்துவக் கொள்கைதான். கொள்கை அதிகாரம் உள்ளவர் கையில் வேலியாகிறது. இல்லாதவர் கையில் திறப்பாகிறது.

நாம் பட்ட நோவைச் சொல்லிவிட்டு நிறுத்துவதும் நியாயமல்ல. நாமும் "உம்மத் ஒன்றே" என்கிறோம். ஆனால் ஊர்க் கூட்டத்தில் கூலி வேலை செய்யும் வாப்பாவின் பேச்சுக்கும் கடை முதலாளியின் பேச்சுக்கும் ஒரே மதிப்பா? பெண்களிடம் யாராவது அபிப்பிராயம் கேட்கிறார்களா?

தோழியரே, அடுத்த தேர்தலில் நம்மில் பலர் முதன்முறையாக வாக்களிப்போம். மேடையில் யாராவது "நாம்" என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குள் யார் யார் இல்லை என்று எண்ணிப் பார்ப்போம்.