ஜின்ஜுவுக்கு வாருங்கள்

(கொரியா, உய்ரியோங். 1592, இலையுதிர் காலம்)

தோழர்களே,

கிம்ஹேயிலிருந்து ஜப்பானியப் படை கிளம்பிவிட்டது. சாங்வோன் வழியாக மேற்கே வருகிறது. 20,000 பேருக்குக் குறையாது என்கிறார்கள் பார்த்து வந்தவர்கள். அவர்கள் குறி ஜின்ஜு. அந்தக் கோட்டைக்குள் தளபதி கிம் சி-மின்னிடம் இருப்பவர்கள் 3,800 பேர். நாளை பார்ப்போம் என்று யாரும் திண்ணையில் உட்காராதீர்கள்.

ஜின்ஜுவுக்கு மேற்கே ஜொல்லா மாகாணம். நாட்டின் நெற்களஞ்சியங்களில் எதிரி இன்னும் கைவைக்க முடியாமல் நிற்பது அது ஒன்றுதான். ஏழாம் மாதம் உங்ச்சியிலும் இச்சியிலும் நம்மவர்கள் உயிரைக் கொடுத்து மலைக் கணவாய்களை அடைத்தார்கள். இப்போது எதிரி அதன் கிழக்கு வாசலுக்கு வந்திருக்கிறான். அதே ஜொல்லாவின் கரையில், யோசுவில், கடற்படைத் தளபதி யி சுன்-சின்னின் கப்பல்கள் நிற்கின்றன. ஹன்சான் தீவருகே வந்த 73 எதிரிக் கப்பல்களில் 59 திரும்பவில்லை. பியோங்யாங்வரை போய் உட்கார்ந்திருக்கும் எதிரிக்குக் கடல்வழியே அரிசி போய்ச் சேராமல் இருப்பது அந்த அடியால்தான். அந்தக் கடற்படைக்குச் சோறும் மரமும் துடுப்புப் பிடிக்கும் ஆட்களும் ஜொல்லா கொடுப்பது. ஜின்ஜு போனால் வயல் போகும். வயல் போனால் கப்பலும் போகும்.

அரசரே நம்மை விட்டுவிட்டு வடக்கே போய்விட்டார், யாருக்காகச் சாவது என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான்காம் மாதம் 13-ஆம் நாள் பூசானில் இறங்கியவன் 20 நாளுக்குள் தலைநகர் ஹான்யாங்கில் நுழைந்தான். தோங்னேயில் அதிகாரி சோங் சாங்-ஹியோன் எதிர்த்து நின்று செத்தார். அவரைப் போல நின்றவர்கள் சிலர். ஆயுதக் கிடங்கைப் பூட்டாமல்கூட மலையேறிய அதிகாரிகள் பலர். அரசர் புறப்பட்டதும் தலைநகர் மக்கள் அடிமை ஏடுகள் இருந்த அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். தீ வைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிறக்கும்போதே ஏட்டில் ஏறிய பெயரைச் சாகும்வரை சுமந்தவர்களின் வயிற்றெரிச்சல் அது. ஆனால் வந்திருப்பவன் உங்கள் விலங்கை உடைக்க வரவில்லை. பிடித்த ஊர்களில் வரி கேட்கிறான். ஆண், பெண், குழந்தை என்று பாராமல் ஆட்களைப் பிடித்துக் கப்பலேற்றுகிறான். அரண்மனைக்காக உங்களை நான் கூப்பிடவில்லை. அறுவடை செய்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போக வேண்டும், நம் பிள்ளைகள் எந்த மண்ணில் வளர வேண்டும் என்பதற்காகக் கூப்பிடுகிறேன்.

அவன் துப்பாக்கிக்கு முன்னால் நாம் எம்மாத்திரம் என்கிறவர்கள் ஐந்தாம் மாதத்தை மறந்துவிட்டீர்களா? ஜொங்காம் துறையில் எதிரியின் முன்னோடிகள் சதுப்பில் காலூன்றத் தோதான இடமாகப் பார்த்துக் கம்பு நட்டுவிட்டுப் போனார்கள். இரவோடு இரவாக நம் ஆட்கள் சேற்றில் இறங்கி ஒவ்வொரு கம்பாகப் பிடுங்கி, ஆள் புதையும் சேற்றுக்கு நேராக நட்டுவைத்தார்கள். மறுநாள் அந்தப் படை கம்பை நம்பி நடந்தது. புதைந்து தடுமாறியவர்களைப் பதுங்கியிருந்த நம் வில்கள் முடித்தன. செந்நிற அங்கி அணிந்து முன்னால் நின்ற நம் தளபதி குவாக் ஜே-உ, தன் சொத்தைச் செலவழித்து, வீட்டு வேலைக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எழுந்தவர். அவரோடு அன்று நின்றவர்கள் ஏர் பிடித்த உழவர்கள்.

போன மாதம் கியோங்ஜுவில் நடந்ததும் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். தளபதி பாக் ஜின்னின் ஆட்கள் கோட்டைக்குள் ஓர் இரும்புக் குண்டை வீசினார்கள். விழுந்தது வெடிக்கவில்லை. இது என்னவென்று எதிரிகள் கூடி நின்று உருட்டிப் பார்த்தார்கள். பிறகு வெடித்தது. கோட்டை நம் கைக்கு வந்தது.

கும்சானில் நாம் தோற்றதையும் சொல்லியாக வேண்டும். 60 வயது கோ கியோங்-மியோங் மகனோடு அங்கே விழுந்தார். அடுத்த மாதம் ஜோ ஹொன்னும் அவருடைய 700 பேரும் துணைப்படை வந்து சேருமுன்பே மோதி, ஒருவர் மிஞ்சாமல் மடிந்தார்கள். கன்பூசிய அறிஞரான அவருக்குத் துணையாகச் செத்தவர் புத்தத் துறவி யோங்-கியு. தலைநகர் வாசலுக்குள் துறவிகளை விடாத நாடு இது! சேர்ந்து நின்ற அந்த நெஞ்சங்களைக் கும்பிடுகிறேன். ஆனால் துணைக்குக் காத்திராத அந்த வேகம் ஜின்ஜுவில் வேண்டாம். தனித்தனிக் கூட்டமாகப் போய் எதிரிமேல் விழுந்தால் நூறு நூறாக அழிவோம்.

கோட்டைக்குள் அவர்கள் தயார். கிம் சி-மின் 170 கைப்பீரங்கிகள் வார்த்து வைத்திருக்கிறார், வெடிமருந்தும் இடித்தாயிற்று. ஆள் அதிகம் என்று காட்டப் பெண்களும் முதியவர்களும் வீரர் உடை போட்டு மதில்மேல் நிற்கப் போகிறார்கள். நமக்குள்ள வேலை வெளியே. பகலில் மலையில் பதுங்குவோம். அவன் தீனி தேடி அனுப்பும் சிறு கூட்டங்களை வழியிலேயே மடக்குவோம். இரவில் கோட்டைக்கு எதிரே குன்றுகளில் ஏறிப் பந்தம் பிடித்துக் கொம்பு ஊதுவோம். ஒரு கம்பில் ஐந்து கிளை, ஐந்திலும் நெருப்பு. 200 பேர் ஏந்தினால் அவன் கண்ணுக்கு 1,000 பேர். முதுகுக்குப் பின்னால் படை நிற்கிறது என்று நினைப்பவன் ஏணியில் நிம்மதியாக ஏற மாட்டான். உள்ளே இருப்பவர்களுக்கோ தாங்கள் தனியாக இல்லை என்பது தெரியும்.

வில் உள்ளவர் வில்லோடு வாருங்கள். இல்லாதவர் அரிவாளோ மூங்கில் ஈட்டியோ கொண்டுவாருங்கள். அதுவும் முடியாதவர் கொம்பு ஊதலாம், பந்தத்துக்கு எண்ணெய் சுமக்கலாம். பூசானிலிருந்து ஓடிவந்த சிப்பாய்களே, ஏன் ஓடினாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். ஐந்து நாளைக்கு வறுத்த வாற்கோதுமை மாவு கட்டிக்கொள்ளுங்கள். நாளை பொழுது சாயுமுன் உய்ரியோங் ஊர்வாசலில் கூடி, இருட்டியதும் புறப்படுகிறோம்.