சினிமா ராட்டினம்

2025-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா என்னும் உல்லாசப் பூங்கா திறக்கப்பட்டது. அன்று தொடங்கிக் காஞ்சீபுரத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சையைத் தவிரப் பேசுவதற்கு வேறொரு பெரிய விஷயம் கிடைத்துவிட்டது. அங்கே ‘தஞ்சோரா’ என்ற பெயருடன் ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்க, வண்டி அதன் கீழே தொங்கிக்கொண்டு பாய்கிறது. ஏறியவர்களின் கால்கள் அந்தரத்தில் ஊசலாடுகின்றன. தஞ்சாவூர் எங்கே, இள்ளலூர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. பெயரில் சோழ ராஜ்யத்தின் கம்பீரம் தொனிக்கிறது, அது போதும்.

ஆனால் என் மாணாக்கர்களுக்கு அது போதவில்லை. “ஊர்ப் பெயர் எதற்கு, ஸார்? நல்ல சினிமாப் படத்தின் பெயரை வைத்து, உள்ளே அந்தப் படத்தின் காட்சிகளையும் பாட்டையும் சேர்த்திருந்தால் எப்படி இருக்கும்!” என்கிறார்கள். இதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடுவதற்கில்லை. கோடிக்கணக்கில் பணம் படைத்த பெரியவர்களும் இதே யோசனையைத்தான் செய்திருக்கிறார்கள். அந்த யோசனையில் எனக்குள்ள சந்தேகத்தை இந்த வாரம் நேயர்களின் முன் வைக்கிறேன்.

துபாயில் 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘பாலிவுட் பார்க்ஸ்’ என்ற பூங்கா திறக்கப்பட்டது. ஹிந்தி சினிமாவுக்கென்றே உலகத்தில் ஏற்பட்ட முதற் பூங்கா அது. ஷோலே, லகான், டான், கிரிஷ் என்று ஜனங்களின் நாவில் ஊறிய படங்களின் பெயர்களெல்லாம் அங்கே விளையாட்டு யந்திரங்களின் மேல் ஏறி உட்கார்ந்தன. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்தப் பூங்காவை மூடிவிட்டார்கள். 1975-இல் வெளிவந்த ஷோலே படத்தை ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. அதன் பெயரைத் தாங்கிய பூங்கா ஏழு வருஷங்கூட நிலைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. வால்ட் டிஸ்னியின் நிறுவனம் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில் ‘தேர்ட் மேன் ஆன் தி மௌண்டன்’ என்றொரு படம் எடுத்தது. அந்தச் சிகரத்தின் அழகில் மயங்கிய டிஸ்னி, தமது கலிபோர்னியாப் பூங்காவில் அதே வடிவத்தில் ஒரு செயற்கை மலையைக் கட்டி, அதற்குள் ரோலர் கோஸ்டர் ஓடவிட்டார். படமும் ராட்டினமும் 1959-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. இன்று அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? ராட்டினமோ அறுபது ஆண்டுகளைக் கடந்தும் ஓடிற்று. காரணம் தண்டவாளத்தில் இருக்கிறது. உருக்குக் குழாயை வளைத்துத் தண்டவாளமாக்கும் முறை முதன்முதல் அங்கேதான் கையாளப்பட்டது. மரச் சட்டங்களின் மேல் கடகடத்து ஓடிய வண்டி, அதன் பிறகு வழுக்கிக்கொண்டு திரும்பக் கற்றுக்கொண்டது. இன்றைய பெரிய ராட்டினங்களில் பெரும்பாலானவை அந்த வம்சத்தில் வந்தவையே.

பட்டு நெய்யும் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த உண்மையை விளக்க அமெரிக்கா வரையில் போகவேண்டியதில்லை. 1980-களில் நதியா வளையல், நதியா கம்மல் என்று கடைக்குக் கடை தொங்கின. 2005-இல் ‘சந்திரமுகி’ படம் வந்தது. உடனே சந்திரமுகிச் சேலையும் வந்தது. அந்தப் பெயர்கள் ஒரு தீபாவளி, இரண்டு தீபாவளி ஓடின. அப்புறம் வேறு படம், வேறு பெயர். ஆனால் மயில்கண்ணும் ருத்திராட்சமும் வைரஊசியும் எந்த நட்சத்திரத்தின் தயவுமின்றி இன்றும் தறியில் இருக்கின்றன. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்யும் கோர்வை வேலையை, கரையைத் தடவிப் பார்த்தே எங்கள் ஊர்ப் பாட்டிமார் கண்டுகொள்வார்கள். பெயரைக் கேட்டுச் சேலை வாங்குகிறவர்களைப் பற்றி அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

நிற்க. ராட்டினத்தின் சுகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சங்கிலி ஒன்று வண்டியை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு பெரும்பாலான ராட்டினங்களில் யந்திரம் எதுவும் வண்டியைத் தள்ளுவதில்லை. உயரத்தில் சேர்த்துவைத்த சக்தியே வேகமாக மாறி, எல்லா ஏற்ற இறக்கங்களையும் கடத்திவிடுகிறது. உடல் எடையற்றுப் போவது போன்ற அந்தக் கணமும், வளைவின் அடியில் ஆசனத்தோடு அழுந்தும் மறு கணமும் பூமியின் ஈர்ப்பு விசையும் பாதையின் வளைவும் சேர்ந்து செய்கிற காரியம். அப்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவைக் கூப்பிடும் பிள்ளைக்கு, சுவரில் எந்தக் கதாநாயகனின் படம் இருந்தால் என்ன?

சினிமாவின் பெயரால் லாபமே இல்லையென்று நான் சொல்லவில்லை. இரண்டு நிமிஷச் சவாரிக்காக வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும் குடும்பத்துக்குத் தெரிந்த பாட்டும் பழகிய முகமும் ஆறுதலாக இருக்கும். ஆனால் அது வரிசையின் சுகமே தவிர, ராட்டினத்தின் சுகமல்ல.

சுகம் இருக்கட்டும், உயிர் விஷயம் இன்னும் முக்கியம். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984-இல் வெளிவந்தது. அதைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தா பூங்காவை ஏற்படுத்தினார். ஜனங்களை வியக்கவைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. அந்தப் பூங்காவிலேயே 2016-ஆம் ஆண்டு மே மாதத்தில், சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் ஒன்று விபத்துக்குள்ளாகி ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர்.

வளம் மிக்க தேசங்களும் இதற்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவிலுள்ள ராட்டினத்துக்கு ‘ஸ்மைலர்’ என்று பெயர். சிரிக்கும் முகமே அதன் அலங்காரம். 2015-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி, பாதையில் நின்றுபோயிருந்த காலி வண்டியின் மேல் ஆட்கள் ஏறிய வண்டி மோதிற்று. 16 பேர் காயமடைந்தனர். இரண்டு இளம் பெண்கள் ஆளுக்கொரு காலை இழந்தார்கள். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, முன் வண்டி ஒரு பகுதியை விட்டு வெளியேறும் வரையில் பின் வண்டியை அதற்குள் விடாமல் தடுப்பது ராட்டினங்களின் பாதுகாப்பு ஏற்பாடு. அந்த ஏற்பாடு தன் கடமையைச் செய்து வண்டியை நிறுத்தியது. முன்னால் காலி வண்டி நிற்பதை அறியாத மனிதர்கள் அதை மீறி வண்டியை விட்டார்கள். அடுத்த ஆண்டில் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அலங்காரத்துக்காக எவ்வளவு செலவிட்டார்கள் என்று நீதிமன்றத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இள்ளலூர்ப் பூங்கா திறந்தபோது பெரியவர் ஒருவருக்கு டிக்கெட் சுமார் 1,500 ரூபாய். பஸ் செலவும் சாப்பாடும் சேர்த்தால், ஒரு சேலைக்காகப் பத்துப் பதினைந்து நாட்கள் தறியில் உட்காரும் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டால், சேலையைப் புரட்டிப் பார்த்து வாங்குவதுபோல் அதையும் விசாரித்து வாங்குங்கள். பிள்ளையின் உயரம் போதுமா, மார்பின் மேல் இறங்கும் பூட்டை ஊழியர் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, காலையில் வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன?

இன்னொன்றும் சொல்லவேண்டும். தஞ்சோரா என்ற பெயர் நம்முடையது. வண்டியும் பாதையும் ஸ்விட்ஸர்லாந்தின் பொலிகர்–மாபில்லார்ட் நிறுவனத்தாருடையவை. காஞ்சீபுரத்தின் அனுபவம் இதற்கு எதிரிடை. வேலை நம்முடையது, விசைத்தறியில் எங்கேயோ நெய்ததை நம் ஊர்ப் பெயரில் பிறர் விற்றார்கள். 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றுப் பெயரைக் காக்கவேண்டியதாயிற்று. கடன் வாங்கிய யந்திரத்துக்குப் பெயர் சூட்டுவதோடு ஒரு தேசம் திருப்தியடைந்துவிடலாகாது. அடுத்த பாதையை வளைக்கத் தெரிந்தவன் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏன் புறப்படக்கூடாது?

அதற்கு வழி சினிமாப் பெயரில் இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. ரோலர் கோஸ்டர் வண்டியில் பொதுவாக மூன்று விதச் சக்கரங்கள் உண்டு: பாரத்தைத் தாங்குவது ஒன்று, பக்கவாட்டில் விலகாமல் காப்பது ஒன்று, வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாமல் மறுபுறத்திலிருந்து பிடித்துக்கொள்வது ஒன்று. பள்ளிக்கூடத்து உல்லாசப் பிரயாணம் அந்தப் பக்கம் போகுமானால், எந்தச் சக்கரம் எதற்கு என்று படம் போட்டு விளக்கும் மாணாக்கனுக்கே முன்வரிசை ஆசனத்தைக் கொடுக்கவேண்டுமென்பது என் அபிப்பிராயம்.